நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகள் நிலத்தை விரும்பி விற்றார்களா?

“நியூசிலாந்தில் வெள்ளையர் நிலத்தைப் பறிக்கவே இல்லை, மாவோரிகள் தாங்களாகவே விற்றுவிட்டு இப்போது திருப்பிக் கேட்கிறார்கள்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

விற்பனையும் நடந்தது, சரி. ஆனால் 1863-இல் நியூசிலாந்து குடியேற்றச் சட்டம் வந்தது. அதன்படி மாவோரிகளைக் ‘கலகக்காரர்கள்’ என்று முத்திரை குத்தி வைக்காட்டோ பகுதியில் மட்டும் சுமார் 12 லட்சம் ஏக்கரை அரசு பறிமுதல் செய்தது. கலகம் செய்யாதவர்களின் நிலமும் போனது. தரனாக்கி பகுதியின் பாரிஹாக்கா என்ற மாவோரி கிராமத்தார் ஆயுதம் எடுக்கவில்லை; நில அளவை முளைகளைப் பிடுங்கினார்கள், பறிக்கப்பட்ட நிலத்தை உழுதார்கள். 1881 நவம்பர் 5 அன்று சுமார் 1,600 பேர் கொண்ட படை உள்ளே நுழைந்தபோது எதிரே பாடி நின்றவர்கள் குழந்தைகள். தலைவர்கள் தே விட்டி, தோஹு இருவரும் விசாரணையின்றிச் சிறைவைக்கப்பட்டார்கள். விற்றவனை எதற்குச் சிறையில் அடைக்க வேண்டும்?

அப்புறம், வைக்காட்டோ பறிமுதல் தவறு என்று அரசே 1995-இல் சட்டமாக எழுதி மன்னிப்புக் கேட்டது. அதில் கையெழுத்திட்டவர் இரண்டாம் எலிசபெத் ராணி. அந்தச் சட்டம் நியூசிலாந்து அரசின் சட்டத் தளத்திலும், தரனாக்கி பற்றிய 1996 அறிக்கை மாவோரிகளின் முறையீடுகளை விசாரிக்கும் வைடாங்கி தீர்ப்பாயத்தின் தளத்திலும் இருக்கின்றன. படித்துப் பாருங்கள், அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.