ஒரே கடல், இரண்டு சட்டம்

சாக்கைக் கவிழ்த்தபோது கருகிய கத்தரிக்காய் என்றுதான் நினைத்தேன். ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப் பக்கம் ஒரு கரையில், பிடிபட்ட கடல் அட்டையை, கடலடி மணலில் ஊரும் அந்த உயிரை, நான் முதன்முதலாகப் பார்த்தது அப்படித்தான். குடலெடுத்து, அண்டாவில் வேகவைத்து, காயப்போட்டதில் விரலளவாகச் சுருங்கிக் கிடந்தது. பக்கத்தில் நின்ற மீனவர் ஒருவர், வயதானவர், கேட்டார்: "அக்கரையில் லைசென்ஸ் கொடுத்துப் பிடிக்கச் சொல்கிறார்கள். இக்கரையில் தொட்டால் ஜெயில். இது என்ன நியாயம் தம்பி?"

இன்றும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

2001இல் இந்தியா எல்லாக் கடல் அட்டைகளையும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது. இலங்கையில் உரிமம் இருந்தால் முத்துக்குளிப்பதைப் போல மூழ்கி எடுக்கலாம், ஏற்றுமதியும் செய்யலாம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர்தான். இருட்டில் இங்கிருந்து கிளம்பும் மூட்டை அங்கே கரையேறி, முறைப்படி பிடித்த சரக்கோடு கலந்துவிட்டால், எது யார் கடலின் அட்டை என்று எவர் பிரித்துச் சொல்வது? அதன்பிறகு அது திருட்டுச் சரக்கே இல்லை, ரசீதோடு கப்பலேறிவிடும்.

அழியும் ஆபத்துள்ள உயிரினங்களை நாடுவிட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில் இரண்டு நாடுகளும் இருக்கின்றன. 2019 ஜெனீவா மாநாட்டில் மூன்று அட்டை இனங்களும், 2022 பனாமா மாநாட்டில் தெலனோட்டா என்ற பேரினமும் அதன் இரண்டாம் இணைப்பில் ஏறின. ஏறியவற்றை ஏற்றுமதி செய்ய அனுமதிச் சான்று வேண்டும். அந்த வணிகத்தால் இனம் நலியாது என்று அந்த நாடு உறுதி சொல்லவும் வேண்டும். ஆனால் எல்லா அட்டைக்கும் இந்தக் காவல் இல்லை. வெந்து காய்ந்தபின் இனம் பிரிப்பதும் லேசான வேலை இல்லை.

தடையை எடுக்கச் சொல்லவில்லை. மணலை விழுங்கி, அதிலிருக்கும் மக்கியதைத் தின்று, மணலை மட்டும் வெளியே தள்ளுகிறது அட்டை. வயலுக்கு மண்புழு எப்படியோ அப்படி. ஆணும் பெண்ணும் விந்தையும் முட்டையையும் தண்ணீரில்தான் விடுகின்றன. அருகருகே இல்லாவிட்டால் அவை சேராது. அதனால் கடலில் கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் இனம் பெருகாது. இதைத் தெரிந்துகொண்டு தடையை எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

என் கோபம் வேறு. படகோட்டிக் கூலி வாங்கியவன் படம் செய்தியில் வருகிறது, பணம் போட்டவன் படம் வருவதில்லை. மீனவர் கைது பற்றியும் படகுகள் பற்றியும் எத்தனையோ முறை கூடிப் பேசிய இரண்டு அரசுகளும் அட்டைக்காக ஒருமுறை உட்காரட்டும். எந்தப் படகு, எந்த நாள், எந்தக் கடல் என்ற விவரம் இல்லாமல் ஒரு மூட்டையும் கப்பலேறக் கூடாது என்று இலங்கை விதிக்கட்டும். வலையில் தானாக ஏறிய அட்டையை உயிரோடு கடலில் விடுபவர் மேல் வழக்குப் பாயாது என்று இந்தியா எழுதித் தரட்டும். பேச்சு நடக்கும் அறையில் அந்தப் பெரியவரைப் போன்ற ஒருவருக்கும் நாற்காலி போடட்டும்.