ஆரஞ்சு டயல்

(வாட்ச் ரிப்பேர் கடை. கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு பாய் வேலையில் இருக்கிறார். செந்தில் மணிக்கட்டை நீட்டியபடியே வருகிறான்.)

செந்தில்: பாய், ஸ்விஸ் வாட்ச் ஒண்ணு வாங்கிட்டேன். ஃபாவ்ரே லூபா. அறுபது வருஷப் பழசு, ஆனா புதுசு மாதிரியே இருக்கு பாருங்க.

பாய்: அதான் தம்பி எனக்கும் பயமா இருக்கு. என்ன, ஆரஞ்சு டயலா?

செந்தில்: எடுப்பா இல்ல?

பாய்: ராத்திரி ரோட்டைக் கடக்கும்போது லாரிக்காரனுக்கு நல்லாத் தெரியும். இந்தா, லென்ஸை மாட்டிக்க. பன்னிரண்டு மணிக் கட்டைக்கு நேரா நிமிஷக் கோடு நிக்குதா?

செந்தில்: கொஞ்சம் இடது பக்கம் சாஞ்சிருக்கு.

பாய்: எழுத்தோட ஓரம்?

செந்தில்: பிசிறு பிசிறா இருக்கு.

பாய்: ஆறு மணிக்குக் கீழே, டயல் விளிம்புல, பொடி எழுத்துல ‘ஸ்விஸ் மேட்’னு இருக்கா?

செந்தில்: இல்லையே. அழிஞ்சிருக்கும் பாய்.

பாய்: மத்த எழுத்தெல்லாம் நேத்து அடிச்சது மாதிரி இருக்கு, அது மட்டும் அழிஞ்சிடுச்சாக்கும்! பின்மூடியில என்ன போட்டிருக்கு, படி.

செந்தில்: ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்’. பாருங்க, ஸ்டீல்!

பாய்: மூடி மட்டும்தான் ஸ்டீல்னு நேர்மையா எழுதியிருக்கான். மத்ததெல்லாம் மட்ட உலோகம், மேல குரோம் பூச்சு. நம்ம ஊர் வேர்வைக்கு ஸ்ட்ராப் மாட்டுற கொம்புப் பக்கம்தான் முதல்ல அரிக்கும். (மூடியைத் திறக்கிறார்) சக்கரத்தையெல்லாம் பிடிச்சு வச்சிருக்கிற இந்தத் தகடு, பிரிட்ஜ், இதுல வெட்டியிருக்கிற எழுத்தைப் படி.

செந்தில்: எச்... எம்... டி. பாய், ஸ்விட்சர்லாந்துல எச்எம்டிக்குக் கிளை இருக்கா?

பாய்: பெங்களூருல இருக்கு. அங்கதான் 1961-ல ஜப்பான் சிட்டிசன்காரங்க உதவியோட வாட்ச் செய்ய ஆரம்பிச்சாங்க. மெஷினை ஒரு குறை சொல்ல மாட்டேன், தங்கமான மெஷின். அதைப் பழைய கேஸுக்குள்ள போட்டு, டயலைச் சுரண்டி, பெயிண்ட் அடிச்சு, ஸ்விஸ் பேரை அச்சடிச்சிருக்கான். மும்பை ஸ்பெஷல்னு இதுக்கு உலகம் பூரா பேரு.

செந்தில்: அப்போ தாத்தா வாட்சுக்கும் இதே மாதிரி ஆரஞ்சு அடிக்க வேணாமா? (பையிலிருந்து எடுக்கிறான்)

பாய்: கையை எடு! அந்த டயலைத் தொடாதே! (லென்ஸில் பார்க்கிறார், மூடியைத் திறந்து கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கிறார்) அடப்பாவி. இது நிஜமான ஃபாவ்ரே லூபா. சீ கிங். 251-ஆம் நம்பர் மெஷின். சாவி கொடுத்தா இறுகுற மெயின் ஸ்பிரிங் இருக்கிற டப்பா, அதான் பேரல், ஒண்ணு இல்ல, ரெண்டு. 1962-ல கொண்டு வந்தது. இப்படியும் அப்படியும் ஆடுற சக்கரம்தான் பேலன்ஸ். அதோட அச்சைத் தாங்குற கல்லு மேல யாழ் மாதிரி வளைஞ்ச ஸ்பிரிங் இருக்கு பார், அது இன்காப்லாக். கீழே விழுந்தா அச்சு முனை ஒடியாம காப்பாத்தும்.

செந்தில்: ஆனா டயல் மங்கி, மூலையில கறை வேற இருக்கே.

பாய்: இருக்கட்டும். கறையோட இருக்கிற அசல் டயலுக்குத்தான் விலை. பெயிண்ட் அடிச்ச அன்னைக்கே பாதி மதிப்பு போயிடும்.

செந்தில்: முள்ளுல பழுப்பா இருக்கே, அதையாவது சுரண்டிட்டுப் புதுசா ரேடியம் வச்சிடலாமா?

பாய்: சுரண்டவே கூடாது. பழைய முள்ளுல நிஜ ரேடியமே இருக்கலாம். வெளிச்சம் செத்துப் போச்சே தவிர கதிர் சாகல. பாதியாக் குறையவே 1600 வருஷம் ஆகும். அந்தத் தூள் மூச்சுல போனா ஆபத்து. சரி, ஓடுதா?

செந்தில்: ரொம்ப சுறுசுறுப்பா ஓடுது. ஒரு மணி நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னாடி போகுது. எங்க தெருவுல ஒருத்தர்கிட்ட ஆயில் விட்டதுல இருந்து இப்படித்தான்.

பாய்: எவ்வளவு விட்டாரு?

செந்தில்: தாராளமா விட்டாரு பாய். நல்ல மனுஷன்.

பாய்: (சின்னக் காந்த ஊசிப் பெட்டியை வாட்ச் பக்கத்தில் கொண்டுபோகிறார்) ஊசி ஆடல, காந்தம் ஏறல. அப்போ அந்த நல்ல மனுஷன் வேலைதான். பேலன்ஸை ஆட்டுற மெல்லிசுச் சுருள், ஹேர் ஸ்பிரிங், அதைப் பார், ரெண்டு சுத்து ஆயில்ல ஒட்டிக்கிட்டிருக்கு. ஸ்பிரிங் நீளம் குறைஞ்ச கணக்கு. பேலன்ஸ் வேகமா ஆடத்தானே செய்யும். ஆயில் எவ்வளவு வைக்கணும் தெரியுமா? கல்லுல ஒரு குழி இருக்கே, அதுல பாதி, மிஞ்சிப்போனா முக்கால். அதுக்கு மேல போனா ஆயில் தானா ஊர்ந்து வெளியே வந்துடும்.

செந்தில்: இப்போ என்ன பண்ணணும்?

பாய்: முழுசாப் பிரிக்கணும். முதல்ல மெயின் ஸ்பிரிங்கோட இறுக்கத்தை மெதுவா இறக்கிடணும். இல்லேன்னா சக்கரத்தைத் தடுத்துத் தடுத்து விடுற கவை, பேலட் ஃபோர்க், அதைத் தூக்கின நிமிஷம் சக்கரமெல்லாம் சர்ருனு சுத்திப் பல்லைக் கொட்டிடும். அப்புறம் பென்சின்ல அலசணும். பேலட்டை ஸ்பிரிட்ல ஊறப் போடக் கூடாது, அதுல கல்லை ஒட்டியிருக்கிறது அரக்கு, கரைஞ்சிடும். பேலன்ஸ் முனைக்கு மெல்லிசு ஆயில், மோபியஸ் கம்பெனியோட 9010. மெதுவா அழுத்தமா சுத்துற சக்கரத்துக்குக் கெட்டி ஆயில். பேலட் கல்லோட முகத்துக்கு அதே கம்பெனி கிரீஸ், 9415. பேலட் அச்சு முனைக்கு ஒரு சொட்டுகூடக் கிடையாது.

செந்தில்: அதுக்கு மட்டும் ஏன் பாய் ஓரவஞ்சனை?

பாய்: அது எங்க சுத்துது? இப்படியும் அப்படியும் அசையுறதோட சரி. ஆயில் வச்சா பிசுபிசுனு இழுத்துப் பிடிச்சுக்கும். எல்லாம் முடிச்சு, முழுச் சாவி கொடுத்து, ஓட்டத்தை அளக்கிற டைமிங் மெஷின்ல படுக்க வச்சுப் பார்ப்பேன். பேலன்ஸ் வீச்சு 270 டிகிரி பக்கம் வந்தாத்தான் உனக்கு போன் பண்ணுவேன்.

செந்தில்: கண்ணாடியில கீறல்?

பாய்: பிளாஸ்டிக்தானே. மெருகு பேஸ்ட் வச்சு மெத்துத் துணியில அஞ்சு நிமிஷம் தேய்ச்சாப் போயிடும். மாத்த வேணாம்.

செந்தில்: சீ கிங்! கடல் ராஜா! இனி மெரினாவுல இதோட ஒரு குளியல் போட்டுடலாம்.

பாய்: கை கழுவும்போதே ராஜாவைக் கழட்டி வை. உள்ள இருக்கிற ரப்பர் வளையம் உன் வயசைவிடப் பெரிசு, காஞ்சு கல்லாயிருக்கும். புதுசு போடுறேன், இருந்தாலும் தண்ணியில இறங்காதே. சாவியைத் தினமும் ஒரே நேரத்துல கொடு. கையில கட்டிக்கிட்டுக் கொடுக்காதே, சாவித் தண்டு பக்கவாட்டுல அமுங்கித் தேயும். கழட்டி, நேராப் பிடிச்சு, முட்டி நிக்கிற வரைக்கும் திருப்பு. முட்டினப்புறம் பலம் காட்டாதே.

செந்தில்: தினமுமா? மறந்துடுவேனே. சரி, காலையில ஏழு மணிக்கு போன்ல அலாரம் வச்சுக்கறேன்.

பாய்: மணி பார்க்கிற சாமானுக்குச் சாவி கொடுக்க இன்னொரு மணி பார்க்கிற சாமான்! நல்லா வையி. வச்சிட்டு, அந்த போன் கவரோட மூடி மேலயே வாட்சைக் கழட்டி வச்சிடாதே. அதுல காந்தம் இருக்கு.

செந்தில்: (மேசையில் போன் கவர் மீது இருந்த ஆரஞ்சு வாட்சை மெதுவாக எடுக்கிறான்) பாய், அந்தக் காந்த ஊசியைக் கொஞ்சம் இங்க கொண்டு வாங்களேன்.