இளவரசிகள் ஏன் காத்திருக்க வேண்டும்?

வீடியோ விளையாட்டுகளில் இளவரசியையே நாயகியாக்கினால், அவளை மீட்கும் விளையாட்டின் சுவை கெட்டுவிடும் என்று ஒரு கட்டுரையாளர் கூறுவதை என்னால் ஏற்க இயலவில்லை. 1985இல் வெளிவந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸில் பீச் இளவரசி, நாயகன் மாரியோவால் மீட்கப்படுவதற்காகவே காத்திருந்தார் என்பது உண்மைதான். 2005இல் வந்த சூப்பர் பிரின்சஸ் பீச்சிலோ மாரியோவை மீட்கப் புறப்பட்டவர் அவரே, எனினும் அழுகை, கோபம் போன்ற உணர்ச்சிகளையே அவருக்கு ஆயுதமாகக் கொடுத்தது (பெண்ணென்றால் அழத்தானே வேண்டும்!) எனக்கு இன்றும் உறுத்துகிறது.

'த லெஜெண்ட் ஆஃப் செல்டா' என்ற விளையாட்டுத் தொடரின் இளவரசி செல்டாவின் நிலை இன்னும் விசித்திரமானது. 1986இலிருந்தே தொடரின் பெயரிலேயே இருந்தும், அதன் முதன்மை வரிசையில் அவர் முழு நாயகியாவதற்கு 2024இன் எக்கோஸ் ஆஃப் விஸ்டம் வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது. அதில் வாள்வீச்சைவிட, பொருட்களையும் எதிரிகளையும் நகலெடுத்து வரவழைக்கும் உத்தியே முன்னிற்பதால், நாயகியை மாற்றியபோது விளையாடும் முறையே புதிதாயிற்று. சுவை எங்கே கெட்டது?

இலங்கையின் கிழக்கே, பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் தீமிதிப்பையும், கண்ணகியைக் குளிர்விக்கும் சடங்கான வைகாசிக் கண்ணகி குளிர்த்தியையும் பார்த்து வளரும் எங்கள் பிள்ளைகளுக்கு, கதையின் நடுவே ஒரு பெண் நிற்பது புதிதன்று. கல்முனையில் என் மகள் மாரியோ கார்ட் என்ற கார்ப் பந்தய விளையாட்டில் எப்போதும் பீச்சைத்தான் தேர்ந்தெடுக்கிறாள். தோற்பவன் பெரும்பாலும் அவளுடைய அண்ணன்.