வல்கன் ரத்தமும் சனிக்கிழமைச் சிரிப்பும்

சனிக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததை உங்களில் பாதிப் பேர் நேரில் பார்த்தீர்கள். மீதிப் பேருக்கு இதற்குள் கதை வந்து சேர்ந்திருக்கும், கொஞ்சம் கை கால் முளைத்து. ஆகவே யார், என்ன, ஏன் என்று மறுபடி ஆரம்பிக்கப்போவதில்லை. ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற விண்வெளித் தொடர் வரிசையில் வரும் ‘ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்’ மூன்றாவது சீசனின் அந்த வல்கன் எபிசோடைப் பற்றி நான் இரண்டு நிமிடம் பேசினேன். வல்கன்கள் அந்தக் கதைகளில் வரும் கூர்க்காது வேற்றுக்கிரகவாசிகள், உணர்ச்சியை அடக்கித் தர்க்கத்தால் வாழ்கிறவர்கள். மூன்றாவது நிமிடத்தில் ஒருவர், “சார், நீங்களே ஒரு வல்கன்தான் போலிருக்கிறது, கொஞ்சம் சிரியுங்கள்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். சொல்ல வேண்டிய பதில்கள் எல்லாம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் வரிசையாக வந்து நின்றன.

சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். வல்கன்களின் தர்க்கம் ரத்தத்தில் ஓடுவதல்ல. அது பயிற்சி. உட்கார்ந்து, தோற்று, மறுபடி உட்கார்ந்து பழகுவது. இதைத் தவறவிட்டால் வல்கன் என்பவன் கூர்க்காது ஒட்டிய ஒரு வேடதாரி, அவ்வளவுதான்.

எபிசோடில் என்ன நடக்கிறது? ஒரு வேலைக்காக விண்கப்பலின் கேப்டன் பைக், அவருடைய ஆட்கள் உஹுரா, சேப்பல், லாஆன் என்று மனிதர்கள் நால்வருக்கும் ஊசி போட்டு வல்கன்களாக மாற்றுகிறார்கள். காது கூர்மையாகிறது, புருவம் சரிகிறது. நல்லது, ஊசி உடம்பை மாற்றும். ஆனால் ஊசியின் குத்து ஆறுவதற்குள் நால்வரும் தர்க்கம் பேசுகிறார்கள், மற்றவர்களை மட்டம் தட்டுகிறார்கள், மனிதர்களாகத் திரும்பவே மாட்டோம் என்கிறார்கள். வாழ்நாள் முழுக்க அந்த ஒழுக்கத்தோடு மல்லுக்கட்டிய, அப்பா வல்கனும் அம்மா மனிதருமான ஸ்பாக்கைப் பார்த்து, நீ பாதி மனிதன்தானே என்கிற தோரணையில் நடந்துகொள்கிறார்கள். நாம் அதற்குச் சிரிக்க வேண்டுமாம்.

இனி 1966க்கு வாருங்கள். முதல் ஸ்டார் ட்ரெக் தொடரின் முதல் சீசனில் ‘பேலன்ஸ் ஆஃப் டெரர்’ எபிசோடு. எதிரி இனமான ரோமுலன்களின் முகத்தை அதுவரை யாரும் பார்த்ததில்லை. திரையில் முதன்முறையாக ரோமுலன் தளபதியின் முகம் தெரிகிறது. அதே காது, அதே புருவம். கட்டுப்பாட்டு அறையில் ஒரு நொடி யாரும் பேசவில்லை. ஸ்டைல்ஸ் என்கிற அதிகாரி இருக்கையில் மெல்லத் திரும்பி ஸ்பாக்கைப் பார்க்கிறான். அந்தப் பார்வையை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. முகம் ஒன்று, ஆகவே ரத்தம் ஒன்று, ஆகவே நீயும் எதிரி. அவ்வளவும் அந்தப் பார்வையில் இருக்கிறது. கேப்டன் கிர்க் அவனைக் கண்டிக்கிறார். கடைசியில் அதே ஸ்டைல்ஸை நச்சுவாயுவிலிருந்து இழுத்துக் காப்பாற்றுவது ஸ்பாக்.

வல்கனும் ரோமுலனும் ஒரே வேரிலிருந்து வந்தவர்கள். தர்க்கமே வழி என்ற ஞானி சுராக்கின் போதனையை ஏற்றவர்கள் வல்கன்கள் ஆனார்கள், ஏற்காமல் பிரிந்து போனவர்கள் ரோமுலன்கள் ஆனார்கள். ஒரே ரத்தம், இரண்டு வாழ்க்கை. தர்க்கம் ரத்தத்தில் வருவதாக இருந்தால் ரோமுலன் என்ற இனமே இருந்திருக்க முடியாது! புதிதாக எழுதுகிறவர்கள் இதைக்கூடப் பார்க்கவில்லையா, பார்த்தும் பரவாயில்லை என்று விட்டார்களா? இரண்டில் எது மோசம் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

பிறப்பிலேயே குணம் வந்துவிடும் என்ற வாதத்தைத் தமிழ் பேசும் நமக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதும் தெரியும். ஸ்டார் ட்ரெக் அதை அன்றே கண்டித்தது என்பதால்தான் எனக்கு அந்தத் தொடர் பிடித்தது. இன்று அதே தொடர் அதே வாதத்தை ஊசியில் ஏற்றிக் குத்துகிறது.

“நகைச்சுவைதானே, விடுங்கள்.” விடுகிறேன். ஆனால் எனக்கு நகைச்சுவை பிடிக்காது என்று மட்டும் சொல்லாதீர்கள். ட்ரிபிள்கள் என்ற உரோம உருண்டைப் பிராணிகள் கிர்க்கின் தலையில் கொட்டும் 1967 எபிசோடு இன்றும் என்னை வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கும். 1998இல் ‘டீப் ஸ்பேஸ் நைன்’ என்ற ஸ்டார் ட்ரெக் தொடர் ஓர் எபிசோடில் முழுக்க முழுக்க ஒரு பேஸ்பால் ஆட்டத்தையே கதையாக்கியது. எதிரணித் தலைவர் சோலக் ஒரு வல்கன், திமிரின் மொத்த உருவம். பத்துக்கு ஒன்று என்று தோற்றுவிட்டு தொடரின் நாயகன் சிஸ்கோவின் அணி கூத்தாடுகிறது, ஜெயித்தவருக்கு எரிச்சல் தாங்கவில்லை. அங்கே திமிர் சோலக்குடையது, பல வருடம் அவரே ஊட்டி வளர்த்தது. அது வல்கன் ரத்தத்தின் திமிர் அல்ல. சரி, பழையதைச் சொன்னால் கிழவன் என்பீர்கள். புதியதையே சொல்கிறேன். ‘லோயர் டெக்ஸ்’ 2020இல் வந்த ஸ்டார் ட்ரெக் கார்ட்டூன், முழு நகைச்சுவை. அதில் டிலின் என்ற வல்கன் பெண்ணை, உணர்ச்சி அதிகம் என்று சொல்லி அவளுடைய கப்பலிலிருந்தே அனுப்பிவிடுகிறார்கள். நம் கண்ணுக்கு அவள் முகத்தில் ஒரு மயிரிழைகூட அசைவதில்லை. சிரிப்பு அங்கேதான் இருக்கிறது. வல்கன் என்றால் என்ன என்று தெரிந்தவர் எழுதிய சிரிப்பு அது.

பழைய தொடர்களில் குப்பையே இல்லையா என்றும் கேட்டார்கள். இருந்தது. ஸ்பாக்கின் மூளையைத் திருடிக்கொண்டு போகும் எபிசோடு இருக்கிறது. ‘வாயேஜர்’ தொடரின் ‘த்ரெஷோல்ட்’ எபிசோடு பற்றி என்னிடம் பேசாதீர்கள், அதை நான் பார்த்ததாகவே ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் அப்போது வருடத்துக்கு 26 எபிசோடுகள். ஒன்று சொதப்பினால் அடுத்த வாரம் வேறு வரும். இப்போது சீசனுக்குப் பத்து. இரண்டாவது சீசன் 2023 ஆகஸ்டில் முடிந்தது, மூன்றாவது தொடங்கியது 2025 ஜூலையில். ஏறக்குறைய இரண்டு வருடம் காத்திருந்தவனுக்குக் கொடுத்த பத்தில் ஒன்று இது.

பெண்கள் முன்னால் நிற்பதுதான் உனக்கு எரிகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். அப்படி எரிகிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் நான் ‘வாயேஜர்’ தொடரின் பெண் கேப்டன் ஜேன்வேயின் கப்பலில் வளர்ந்தவன் ஐயா. ஏழு சீசன். இதற்கு மேல் பதில் கிடையாது.

“பிடிக்காவிட்டால் பார்க்காதே” என்பவர்களுக்கு: எங்கே என் ஏழு சீசனைத் திருப்பிக் கொடுங்கள், போய்விடுகிறேன்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், சனிக்கிழமை சொல்ல முடியவில்லை. சிறுவயதில் நான் மகா கோபக்காரன். கையில் கிடைத்ததை எறிவேன். ஒருமுறை எறிந்தது அக்காவின் மூக்குக்கண்ணாடி. வலதுபக்கக் கண்ணாடியில் குறுக்கே ஒரு விரிசல். மாற்ற வசதிப்படும் வரை அந்த விரிசலோடுதான் அக்கா படித்தாள், என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வருடங்களில்தான் ‘வாயேஜர்’ தொடரில் டுவோக் என்ற வல்கன் எனக்குக் கிடைத்தார். 1999இல் வந்த ‘கிராவிட்டி’ எபிசோடில் டுவோக்கின் இளமை வரும். காதலில் விழுந்து, கொந்தளித்து, அடங்காமல் நிற்கும் ஒரு வல்கன் பையன். வீட்டார் அவனை ஓர் ஆசானிடம் அனுப்புகிறார்கள். எனக்கு வாய் பிளந்துவிட்டது. டுவோக்குக்கே கோபம் வந்திருக்கிறதா! அவரும் கற்றுக்கொண்டுதான் இப்படி ஆனாரா! அப்படியானால் எனக்கும் வழி இருக்கிறது. அன்றிலிருந்து கோபம் வந்தால் விரல் நுனிகளைச் சேர்த்துவைத்துக்கொண்டு உட்காருவேன். வீட்டில் கேலி செய்தார்கள். பிறகு கேலியை நிறுத்தினார்கள், ஏனென்றால் பொருள்கள் உடையவில்லை.

அப்பா இறந்த இரவு, நீட்டிய தாள்களில் எல்லாம் நான்தான் கையெழுத்துப் போட்டேன். எல்லோருக்கும் நான்தான் போன் செய்தேன். கை நடுங்கவில்லை. உறவினர் ஒருவர் என் காதுபடவே, “கல் மனசுக்காரன், ஒரு சொட்டுக் கண்ணீர் வருகிறதா பார்” என்றார். விரல் நுனிகளைச் சேர்த்துப் பிடித்திருந்தது அவருக்குத் தெரியாது. அடக்கிக்கொள்கிறவனுக்கு உள்ளே ஒன்றுமில்லை என்று நினைக்கிற கூட்டம் ஒன்று எப்போதும் இருக்கிறது. டுவோக்கும் ஸ்பாக்கும் அந்தக் கூட்டத்துக்கு எதிரே என் பக்கம் நின்றவர்கள். இப்போது தொடரை எழுதுகிறவர்களே அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து சிரிக்கிறார்கள். அடக்கம் என்றால் திமிர், திமிர் என்றால் தமாஷ். “நீங்களே ஒரு வல்கன்தான் போலிருக்கிறது” என்பது ஏன் குத்தியது என்று இப்போது புரிகிறதா?

இதோடு முடித்திருக்க வேண்டும், ஆனால் ‘வாயேஜர்’ தொடரின் இச்செப்பை நினைத்துவிட்டேன். ‘போர்க்’ (Borg) என்ற பாதி இயந்திரக் கூட்டத்திலிருந்து மீட்கப்பட்டு, அப்படியே மீண்டு வந்த செவன் என்ற பெண் மகனைப் போலப் பார்த்துக்கொண்ட பையன். 2000இல் அவள் சாகக் கிடந்தபோது தன் தலையிலிருந்த உறுப்பையே எடுத்துக் கொடுத்தவன். 2020இல் ‘பிக்கார்ட்’ தொடரில் அவனை மேசையில் கிடத்தி, உணர்வோடு இருக்கும்போதே கண்ணைப் பிடுங்கினார்கள். எதற்கு? செவனுக்குப் பழிவாங்க ஒரு காரணம் வேண்டுமாம். தானாகக் கொடுத்த பையனை உதிரிபாகக் கடையாக்கிவிட்டார்கள். அதே தொடரின் மூன்றாவது சீசனில் பழைய ஆட்களை ஒன்றாக உட்காரவைத்தபோது நான் உருகினேன் என்பதும் உண்மைதான். அதற்காக இதை மறந்துவிட வேண்டுமா? இத்தனை வருடம் யார் யாரோ பொறுமையாகக் கட்டிய மனிதர்களை இவர்கள் ஒரு காட்சிக்காகச் செலவழிக்கிறார்கள். வல்கன் விஷயமும் அதுதான். சுராக்கிலிருந்து டுவோக் வரை கட்டியதை ஓர் ஊசியில் செலவழித்துவிட்டார்கள்.

சனிக்கிழமை சிரித்த நண்பர் இரண்டு முறை அழைத்திருக்கிறார், நான் எடுக்கவில்லை. நாளை எடுப்பேன். என் மகளுக்கு அந்த வல்கன் எபிசோடு பிடித்திருந்தது என்பதையும், வேறு யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். நேற்று இரவு அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து ‘கிராவிட்டி’ போட்டேன். பத்தாவது நிமிடத்தில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். கை மரத்துப்போனது. முடியும் வரை பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன்.