மொழிபெயர்க்கும் வேலை யாருடையது?

"இவ்வளவு பெரிய நாட்டுக்கு ஒரு தேசிய மொழி வேண்டாமா?" இந்தி தினமான செப்டம்பர் 14 வந்தால் இந்தக் கேள்வியும் வந்துவிடும். நம் பக்கத்திலிருந்து பதிலுக்குப் போன வருஷத்து மீம்கள் போகும். இரண்டு தரப்பும் தொடாத விஷயம் ஒன்று இருக்கிறது. அரசாங்கம் சொல்வது குடிமகனுக்குப் புரியவில்லை என்றால், புரியவைக்கும் வேலையும் செலவும் யாருடையது? தேசிய மொழி கேட்பவர்களின் பதில்: "அவர் கற்றுக்கொண்டு வரட்டும்." அது அரசாங்கத்தின் வேலை என்பது என் கட்சி. நீளமான பதிவு, பொறுமை உள்ளவர்கள் தொடரவும்.

சட்ட நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசியலமைப்பில் தேசிய மொழி என்று எதுவும் கிடையாது. 343ஆம் உறுப்பு தேவநாகரி எழுத்திலான இந்தியை ஒன்றியத்தின் ஆட்சி மொழி ஆக்கியது, ஆங்கிலத்துக்கு 15 ஆண்டு தவணை கொடுத்தது. அந்தத் தவணை 1965 ஜனவரி 26இல் முடிய இருந்தது. அப்போது தமிழ்நாட்டில் என்ன நடந்தது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 1963ஆம் ஆண்டின் ஆட்சி மொழிகள் சட்டம் 1967இல் திருத்தப்பட்டதும் வந்ததுதான் 3(5) பிரிவு. இந்தியை ஆட்சி மொழியாக ஏற்காத எல்லா மாநிலங்களின் சட்டமன்றங்களும் தீர்மானம் போட்டு, அதன்பின் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் போட்டால்தான் ஆங்கிலத்தை நீக்க முடியும். ஒரே ஒரு மாநிலம் மறுத்தாலும் நீக்க முடியாது. நல்ல பூட்டுதான். ஆனால் அது காப்பது ஆங்கிலத்தை. தமிழுக்கோ ஒடியாவுக்கோ சந்தாலிக்கோ அதில் ஒரு வரியும் இல்லை. மேடைகளில் இதை யாரும் சொல்வதில்லை.

அதே சட்டத்தின் 3(3) பிரிவுதான் அன்றாட வாழ்க்கையில் அதிகம் கடிக்கிறது. ஒன்றிய அரசின் பொது ஆணைகள், விதிகள், அறிவிக்கைகள், ஒப்பந்தங்கள், உரிமங்கள், ஒப்பந்தப்புள்ளிப் படிவங்கள் எல்லாம் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்கிறது அது. அந்த இரண்டோடு கடமை முடிந்தது.

இதன் விளைவு 2020இல் வெட்டவெளிச்சமானது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் வரைவை வெளியிட்டு மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். சுரங்கம், துறைமுகம், அனல்மின் நிலையம் வரப்போகும் ஊர்க்காரர்கள் படித்து ஆட்சேபம் சொல்ல வேண்டிய ஆவணம். வந்தது இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும். வழக்குப் போனது. அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் பத்து நாளில் மொழிபெயர்த்து வெளியிடுங்கள் என்று ஜூன் 30 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பத்து நாள் போதுமா போதாதா என்பது வேறு வாதம். ஒன்றிய அரசு அந்த வாதத்தோடு நிற்கவில்லை. சட்டப்படி இரண்டு மொழி போதும் என்று உச்ச நீதிமன்றத்துக்கே போனது. ஆகஸ்ட் 13 அன்று விசாரித்த தலைமை நீதிபதி அமர்வு, கிராமத்து மக்களுக்கு இந்த இரண்டு மொழியும் எப்படிப் புரியும் என்று கேட்டு, ஆட்சி மொழிகள் சட்டத்தையே திருத்துவது பற்றி யோசிக்கச் சொன்னது. ஆனாலும் உத்தரவை நிறைவேற்றாததற்காக டெல்லியில் நடந்த நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கையை நிறுத்திவைத்தது. சட்டம் திருத்தப்படவில்லை.

"இந்தி தேசிய மொழியாக இருந்திருந்தால் இந்தச் சிக்கலே இல்லையே" என்று ஒருவர் சொல்லக்கூடும். 2011 கணக்கெடுப்பைப் பாருங்கள். இந்தி தாய்மொழி 43.6 சதவீதம், சுமார் 52.8 கோடிப் பேர். இந்தத் தலைப்புக்குள் போஜ்புரி 5 கோடிக்கு மேல், ராஜஸ்தானி இரண்டரைக் கோடி, சத்தீஸ்கரி 1.6 கோடி, மகதி 1.2 கோடிக்கு மேல் என்று ஐம்பதுக்கும் மேற்பட்ட தாய்மொழிகளைச் சேர்த்திருக்கிறார்கள். இந்தி என்றே பதிந்தவர்கள் சுமார் 32 கோடி, மக்கள்தொகையில் கால்பங்குக்குச் சற்று மேல். 2003இல் எட்டாவது அட்டவணைக்குள் வந்த மைதிலியைத் தனியாக எண்ணுகிறார்கள். அட்டவணைக்கு வெளியே நிற்கும் போஜ்புரி இந்திக் கணக்கில் போகிறது. பாட்னா பக்கத்துக் கிராமத்தில் மகதி பேசுபவருக்கு, சமஸ்கிருதம் வழியும் அரசு இந்தியில் ஒரு சட்ட வரைவைக் கொடுத்தால் நம்மைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் புரியும், அவ்வளவுதான்.

ஆங்கிலமும் விடை இல்லை. அதே கணக்கெடுப்பில் இரண்டாவது மொழி ஒன்றாவது தெரியும் என்றவர்கள் 26 சதவீதம், மூன்று மொழி தெரிந்தவர்கள் 7 சதவீதம். நாலில் மூன்று பேர் ஒற்றை மொழிக்காரர்கள். இவர்களை நோக்கி "இணைப்பு மொழி கற்று வா" என்பது எந்த மொழியைச் சொன்னாலும் ஒரே கொடுமைதான்.

ஹரிகிசன் எதிர் மகாராஷ்டிரா என்ற 1962 வழக்கை மொழி அரசியல் பேசும் எல்லோரும் ஒருமுறை படிக்க வேண்டும். தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவர் இந்திதான் தெரியும், ஆங்கிலம் தெரியாது என்றார். காரணங்களை 14 தட்டச்சுப் பக்கத்துக்கு மேல் ஆங்கிலத்தில் கொடுத்திருந்தார்கள். காவல் அதிகாரி வாயால் விளக்கினார் என்பது அரசுத் தரப்பு. ஆங்கிலம் இன்னும் ஆட்சி மொழியாக இருப்பதால் அதுவே போதும் என்று உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. உச்ச நீதிமன்றம் மறுத்தது. அரசின் மொழி எதுவாக இருந்தாலும், அவருக்குத் தெரிந்த மொழியில், அவர் படிக்கும் எழுத்தில் கொடுக்காவிட்டால் காவலுக்கான காரணத்தை அறிய அரசியலமைப்பின் 22(5) உறுப்பு தந்த உரிமை மறுக்கப்பட்டதாகவே பொருள் என்று சொல்லி விடுதலை செய்தது. தமிழ்நாட்டில் குண்டர் சட்டத் தடுப்புக் காவல் உத்தரவுகள் இன்றும் ரத்தாகும் காரணங்களில் ஒன்று, தமிழ் மொழிபெயர்ப்பு தராதது. இதை ஏதோ நுட்பக் கோளாறு போல எழுதுகின்றன செய்தித்தாள்கள். நம் நாட்டில் மொழிச் சுமையை அரசின் தலையில் உறுதியாக வைத்த முக்கியமான இடம் இது. சிறைக்குள் போனால் கிடைக்கும் மொழி உரிமை வெளியே இருக்கும்போது ஏன் கிடையாது?

வெளியே எப்படி என்று பார்க்க வங்கிக்கோ காப்பீட்டு முகவரிடமோ போனால் போதும். சில்லறை வாடிக்கையாளருக்கான படிவங்கள் ஆங்கிலம், இந்தி, மாநில மொழி மூன்றிலும் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். கணக்குத் தொடங்கும் படிவத்தில் அப்படி இருக்கும். பிரச்சினை வரும்போது எடுத்து நீட்டுகிற நிபந்தனைத் தொகுப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில். காப்பீட்டு முன்மொழிவுப் படிவத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டால், "உள்ளடக்கத்தை இவருக்குத் தெரிந்த மொழியில் விளக்கினேன்" என்று மூன்றாவது ஆள் ஒருவர் உறுதிமொழி எழுதிக் கையெழுத்திட வேண்டும். பல சமயம் அந்தப் பெட்டியையும் முகவரே ஆள் பிடித்து நிரப்பிவிடுவார். பின்னால் கோரிக்கை நிராகரிக்கப்பட்டால், "உங்களுக்கு விளக்கியாயிற்று, இதோ கையெழுத்து" என்று அதுவே வாடிக்கையாளருக்கு எதிரான சான்றாகிவிடும்.

தேசிய மொழிக்காரர்கள் அடிக்கடி காட்டும் நாடு இந்தோனேசியா. நியாயமான உதாரணம், ஆனால் ஏன் அங்கே எடுபட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மக்கள்தொகையில் ஏறக்குறைய 40 சதவீதம் ஜாவானியர். 1928 இளைஞர் உறுதிமொழியில் ஒற்றுமை மொழியாக எடுத்தது ஜாவானிய மொழியை அல்ல, துறைமுகங்களில் வணிகத்துக்குப் புழங்கிய, சிறுபான்மையினரின் தாய்மொழியான மலாயை. மிகப் பெரிய இனம் தன் மொழியை விட்டுக்கொடுத்தது. இங்கே கேட்கப்படுவது அதற்கு நேரெதிர். சிறிய தீவு மொழிகள் அங்கேயும் தேய்ந்துகொண்டிருக்கின்றன, அது தனிக் கதை.

பாகிஸ்தான் கிட்டத்தட்ட நம் கேள்வியைச் சோதித்தே பார்த்துவிட்டது. மக்களில் பாதிக்கு மேல் வங்காளிகள், உருதைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 1948இல் டாக்காவில் உருது மட்டுமே என்றார் ஜின்னா. 1952 பிப்ரவரி 21இல் வங்காள மொழிக்காகப் போராடியவர்கள் மீது துப்பாக்கிச் சூடு. 1956 அரசியலமைப்பில் வங்காளத்தையும் சேர்த்தபோது காலம் கடந்திருந்தது. பலர் கவனிக்காதது அதற்குப் பிறகு நடந்தது. வங்காளிகள் பிரிந்துபோன பின் வந்த 1973 அரசியலமைப்பின் 251ஆம் உறுப்பு உருதைத் தேசிய மொழி என்றது, அரசு அலுவலுக்குக் கொண்டுவர 15 ஆண்டு கொடுத்தது. 1988 தாண்டியும் நடக்கவில்லை. 2015இல் உச்ச நீதிமன்றமே உத்தரவு போட வேண்டியிருந்தது. உயர் நீதிமன்றங்களிலும் தலைமைச் செயலகங்களிலும் ஆங்கிலம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. தேசிய மொழி அறிவித்தால் மேல்தட்டு ஆங்கிலத்தைக் கைவிட்டுவிடும் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

இலங்கையின் 1956 தனிச் சிங்களச் சட்டம் பற்றி எல்லோருக்கும் தெரியும். கோடீஸ்வரன் வழக்கு அவ்வளவாகத் தெரியாது. அரசு எழுத்தரான அவர் சிங்களத் தேர்ச்சித் தேர்வு எழுத மறுத்தார். 1962இல் சம்பள உயர்வை நிறுத்தினார்கள். அந்தச் சட்டமே செல்லாது என்று வழக்குப் போட்டு, 1964இல் மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார். 1967இல் உச்ச நீதிமன்றம் மொழிப் பிரச்சினைக்குள் போகாமல், அரசு ஊழியர் சம்பளத்துக்காக அரசின் மீது வழக்குப் போட முடியாது என்று தள்ளியது. 1969இல் லண்டன் பிரிவி கவுன்சில் போடலாம் என்றது, மொழிச் சட்டத்தின் செல்லுபடியை விசாரிக்கத் திருப்பி அனுப்பியது. அதற்குள் 1972 அரசியலமைப்பு வந்துவிட்டது. அந்தக் கேள்விக்குக் கடைசிவரை தீர்ப்பே வரவில்லை. தமிழும் ஆட்சி மொழி என்று 13ஆம் திருத்தம் சொன்னது 1987இல். ஒற்றை மொழிக் கொள்கை பெரும்பாலும் இப்படித்தான் உள்ளே வரும்: தேர்வு, சம்பள உயர்வு, பதவி உயர்வு, இடமாற்றம் என்று ஒரு ஊழியரின் பணிப்பதிவேட்டில்.

"அதற்காக 22 மொழியில் அரசாங்கம் நடத்த முடியுமா?" முடியும். ஐரோப்பிய ஒன்றியம் 24 மொழிகளில் நடத்துகிறது. 24 மொழிக்குள் 552 திசைகளில் மொழிபெயர்ப்புத் தேவை, நம் 22க்கு 462. எல்லாத் திசைக்கும் ஆள் கிடைக்காது என்பதால் மால்டீசிலிருந்து ஃபின்னிஷுக்கு ஆங்கிலம் வழியாகப் போவார்கள். 22இல் ஒன்றை நடுமொழியாக வைத்துக்கொண்டால் 462 திசை 42 ஆகச் சுருங்கிவிடும். இணைப்பு மொழியின் உண்மையான இடம் இதுதான், மொழிபெயர்ப்பு அலுவலகத்தின் உள்ளே. குடிமகனுக்கு அது தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர்களின் சட்டங்களில் 24 பிரதிகளும் சமமான மூலம். "முரண் வந்தால் ஆங்கிலப் பிரதியே செல்லும்" என்ற வரி அங்கே கிடையாது. நம் தேர்வுத் தாள் முதல் தீர்ப்பின் மொழிபெயர்ப்பு வரை அந்த வரி இருக்கிறது. பிழை செய்வது மொழிபெயர்த்தவர், நஷ்டம் படித்தவருக்கு.

செலவுக் கணக்கும் போடலாம். நூறு பக்க வரைவு, பக்கத்துக்கு 300 சொல், மொத்தம் 30,000 சொல். அனுபவமுள்ள ஒருவர் நாளுக்கு 2,000 சொல் செய்வார். நான்கு பேர், ஒரு சரிபார்ப்பாளர் என்றால் ஒரு வாரத்தில் முடியும். சொல்லுக்கு 2 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு மொழிக்கு 60,000 ரூபாய், இந்தி நீங்கலாக 21 மொழிக்கு 12 லட்சத்து 60 ஆயிரம். நாடு முழுதும் பாதிக்கும் ஒரு விதிக்கு இது செலவா?

சிக்கல் பணத்தில் இல்லை, அமைப்பில். 1971இல் தொடங்கிய மத்திய மொழிபெயர்ப்புப் பணியகத்தின் வேலை ஆங்கிலத்துக்கும் இந்திக்கும் இடையில். மற்ற மொழிகளுக்கு அப்படியொரு பணியகம் நீண்ட காலம் இருக்கவில்லை. சென்னையிலுள்ள ஒன்றிய அரசு வங்கியில் இந்திக்கு ஓர் அதிகாரி இருப்பார், தமிழுக்கு இருக்கமாட்டார். அதனால் தமிழ் வேலை வெளியாளுக்குப் போகும், அதுவும் ஆங்கிலப் பிரதி இறுதியான பிறகு, அவசரமாக. ஆங்கிலச் சட்ட வாக்கியம் 80 சொல்லுக்கு நீளும், விதிவிலக்கு கடைசியில் தொங்கும். தமிழில் வினை கடைசியில் வருவதால் அதை ஒரே வாக்கியமாகப் பெயர்த்தால் "இல்லை" எதைச் சேர்ந்தது என்றே தெரியாது. முதலில் (அ), (ஆ), (இ) என்று உடைத்துவிட்டுத்தான் பெயர்க்க வேண்டும். மாநில ஆட்சிச் சொல்லகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் பழைய எழுத்துருவில் தட்டச்சிட்டு பிடிஎஃப் ஆக்கிப் போட்டால், தேடவும் முடியாது, பார்வையற்றோரின் திரைவாசிப்பானும் படிக்காது. ஒன்றிய அரசின் பாஷிணி போன்ற இயந்திர மொழிபெயர்ப்பு முதல் வரைவுக்கு உதவும், அதில் சந்தேகமில்லை. அதன் கீழ் ஓர் அதிகாரி பெயர் போட்டுப் பொறுப்பேற்காதவரை அது சட்ட ஆவணம் ஆகாது.

இந்த அளவுகோல் நமக்கும் பொருந்தும். ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும், குமரியில் மலையாளமும் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர முயல்வது அரசியலமைப்பின் 350அ உறுப்பின்படி மாநிலத்தின் கடமை. 2006 தமிழ் கற்றல் சட்டத்தால் பத்தாம் வகுப்பில் தமிழ்த்தாள் கட்டாயமானபோது, மொழிச் சிறுபான்மை மாணவர்கள் விலக்குக் கேட்டு நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. திருப்பூரில் பின்னலாடைத் தொழிற்சாலையில் விரலை இழந்த ஒடியாத் தொழிலாளி இழப்பீட்டு மனு எழுதத் தமிழ் கற்க வேண்டும் என்றால், நாம் டெல்லியிடம் கேட்பதற்கு முகம் இருக்காது.

உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு, அரசியலமைப்பைத் தொடத் தேவையில்லை. ஆட்சி மொழிகள் சட்டத்தின் 3ஆம் பிரிவில் ஓர் உட்பிரிவு சேர்த்தால் போதும். மக்களிடம் கருத்துக் கேட்கும் எந்த வரைவும் எட்டாவது அட்டவணை மொழிகள் அனைத்திலும் வெளிவர வேண்டும், ஆட்சேபம் சொல்லத் தரும் கால அவகாசம் கடைசி மொழியின் பிரதி வெளியான நாளிலிருந்து எண்ணப்பட வேண்டும். காலக்கெடு ஓடத் தொடங்காது என்றால் எந்த அமைச்சகமும் மொழிபெயர்ப்பாளரைத் தேடிப் பிடித்துவிடும். தமிழ்நாட்டின் 39 மக்களவை உறுப்பினர்களில் யாராவது தனிநபர் மசோதாவாகக் கொண்டுவரலாம், மொத்தம் பத்து வரிகூட வராது.