கேட்பதாக இருந்தால் என்னிடம் கேளுங்கள்

ஓய்வுநாள் பள்ளி ஆண்டு விழாவில் நடந்ததைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்தச் சின்னக் காணொளி சபையின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து குடும்பக் குழுக்களுக்குப் போய், அங்கிருந்து கேரளத்துப் பாறசாலையில் இருக்கும் என் மைனியின் கைப்பேசிக்கும் போய், சிரிக்கும் பொம்மைகளோடு எனக்கே திரும்பி வந்துவிட்ட பிறகு, இனியும் பேசாமல் இருப்பதைப் பொறுமை என்று சொல்லிக்கொள்ள எனக்கு மனமில்லை. பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பார்க்காதவர்கள் தேடிப் பார்க்க வேண்டாம். அதில் இருப்பது என்னுடைய ஒன்பது வயது மகன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிப்பிப்பது என்று முடிவெடுத்தவர்கள் நானும் என் கணவரும். அந்த முடிவின்மேல் உங்களுக்குச் சந்தேகம் இருந்தாலும், கோபம் இருந்தாலும், கேலியே இருந்தாலும், எங்களிடம் கேளுங்கள். பிள்ளையை மேடையில் நிறுத்திக் கேட்காதீர்கள்.

வசனம் ஒப்புவித்த பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்க வந்த சிறப்பு விருந்தினர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்; வயதில் மூத்தவர் என்பதால் மரியாதை குறையாமல்தான் எழுதுகிறேன். மேடையேறிய ஒவ்வொரு பிள்ளையிடமும் "எந்த ஸ்கூல் மக்களே, எத்தனாம் கிளாஸ்?" என்று அவர் கேட்டார். பள்ளியின் பெயரைச் சொன்ன பிள்ளைகளுக்குக் கைதட்டலும் பரிசும் கிடைத்தன. "வீட்டில் படிக்கிறேன்" என்று என் மகன் சொன்னதும், பரிசு அவர் கையிலேயே நின்றுவிட்டது. பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொல்லச் சொன்னார். அவன் விழித்தான். "அப்போ வீட்டுல அம்மா என்னதான் சொல்லித் தாறாங்க?" என்று மைக்கில் கேட்டார், ஆலயம் முழுவதும் சிரித்தது. அந்த அம்மா நான்காவது வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் கேட்டிருக்கலாம்.

நான் பி.எட். முடித்துவிட்டு, திருமணத்துக்கு முன்பும் மூத்தவன் பிறக்கும்வரையும் ஒரு மெட்ரிக் பள்ளியில் நான்காம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவள். நான்காம் வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்குப் பதினேழாம் வாய்ப்பாடு தெரியும் என்பது எனக்கும் தெரியும், தலைமையாசிரியராக இருந்த அவருக்கும் நிச்சயமாகத் தெரியும். அன்று அவனுக்கு முன்னால் பரிசு வாங்கிப் போன பிள்ளைகளில் ஒருவரிடமாவது அதே கேள்வியைக் கேட்டிருந்தால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு ஒன்று தெரியாவிட்டால் அது அந்தப் பிள்ளையின் குறை. வீட்டில் படிக்கிற பிள்ளைக்குத் தெரியாவிட்டால் அது தாயின் குற்றம், தகப்பனின் குற்றம், வீட்டுக் கல்வி என்ற முறையின் குற்றம். இந்த நியாயம் எந்த ஊர் நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

"வீட்டில் என்னதான் செய்கிறீர்கள்?" என்று உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் வீட்டு மணி, பள்ளி மணியை அல்ல, ரப்பர் மரத்தைப் பார்த்து ஓடுகிறது. என் கணவர் விடியும் முன்பே பால் வெட்டப் போய்விடுவார். நான் மரச்சீனியையோ புட்டையோ அடுப்பில் வைத்துவிட்டுப் பிள்ளைகளை எழுப்பி ஜெபத்தில் உட்கார வைப்பேன். ஏழு வயது மகள் தமிழ் வாசிக்கக் கற்றதே அந்தக் காலை ஜெபத்தில், சங்கீதங்களில் விரல் வைத்து எழுத்துக் கூட்டித்தான். 119-ஆம் சங்கீதத்தில் 176 வசனங்கள் இருக்கின்றன. அவை எட்டெட்டு வசனங்களாக 22 பகுதிகளாகப் பிரிந்திருக்கின்றன. தினம் ஒரு பகுதி வாசித்து வந்தபோது, "இன்னும் எத்தனை வசனம் மிச்சம்?" என்று கணக்குப் பார்த்துப் பார்த்தே அவளுக்கு எட்டாம் வாய்ப்பாடு வந்துவிட்டது. பதினேழாம் வாய்ப்பாட்டுக்கு ஏற்ற சங்கீதம் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

சாப்பிட்ட பிறகு முன்வாசலில் பாய் விரித்துப் பாடம் தொடங்கும். தமிழ்நாடு அரசின் பாடநூல்களைத்தான் நாங்களும் பயன்படுத்துகிறோம். வேற்றுக் கிரகத்திலிருந்து எதையும் வரவழைக்கவில்லை. மூத்தவன் ஐந்து வயதுத் தம்பிக்கு வாசித்துக் காட்டும் நேரத்தில் நான் கடைக்குட்டியைக் குளிப்பாட்டுவேன். கடைக்குட்டி க்ரேயானைத் தின்பதும், நடுவிலிருக்கும் இருவரும் ஒரே அழிப்பானுக்காக அடித்துக்கொள்வதும், பாதிப் பாடத்தில் விருந்தாளி வந்து நிற்பதும் எங்கள் வீட்டில் சாதாரணம். பத்து மணிக்கு மேல் கணவர் பாலோடு வருவார். ஃபார்மிக் அமிலம் ஊற்றிப் பால் உறைவதைப் பிள்ளைகள் எட்ட நின்று பார்ப்பார்கள். அமிலக் கன்னாசின் பக்கம் அவர்களுக்கு அனுமதி கிடையாது. உறைந்ததை ரோலரில் கொடுத்து ஷீட்டாக்குவதற்கு மட்டும் மூத்தவன் கைகொடுப்பான். மழை பெய்தால் வெட்டு கிடையாது. அன்று கணக்குப் பாடம் அப்பாவின் பொறுப்பு. மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் போயிருந்தபோது, 115 அடி உயரத்தில் மோட்டாரே இல்லாமல் தண்ணீர் எப்படி ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் போகிறது என்று மகள் கேட்டாள். அப்பாவும் பிள்ளைகளும் வீட்டுக்கு வந்து, கமுகம்பாளையைச் சரித்துச் சரித்துத் தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொண்டிருந்ததில் அன்றைய தமிழ்ப் பாடம் நடக்கவில்லை. அவள் மலையாள எழுத்துக்களைக் கற்றதும் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. களியக்காவிளையில் நின்று கேரளப் பேருந்துகளின் பலகைகளை வாசித்து வாசித்துத்தான். இன்று பாறசாலைக்குப் போனால், கடைப் பலகைகளை எனக்கே அவள்தான் வாசித்துச் சொல்கிறாள்.

இவற்றில் எதையும் அந்த மேடையில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்கவும் வேண்டாம் என்பதுதான் நான் சொல்வது. பிள்ளை என்பது தாய் தகப்பனின் கொள்கைக்குச் சாட்சி சொல்ல வந்த ஆள் இல்லை.

இனி, வழக்கமாக வரும் கேள்விகள். "நாலு பேரோடு பழக வேண்டாமா?" என்பது முதலாவது. நான் பணிபுரிந்த வகுப்பில், பேசுகிற பிள்ளைகளின் பெயரைப் பலகையில் எழுதி வைக்கவென்றே ஒரு லீடர் இருந்தான். பழகுவதற்காகப் பிள்ளைகளை அனுப்புகிறோம் என்று சொல்பவர்கள், அந்தப் பலகையில் தங்கள் பிள்ளையின் பெயர் வந்த அன்று எவ்வளவு மகிழ்ந்தார்கள் என்று நினைத்துப் பார்க்கட்டும். என் பிள்ளைகள் பக்கத்து வீட்டுப் பாட்டாவோடும், பால் எடுக்க வரும் அண்ணன்மாரோடும், பாடகர் குழுவிலும், மாமன் மக்களோடும் பழகுகிறார்கள். இது போதாதென்றால், எது போதும் என்று சொல்லுங்கள்.

கல்வி உரிமைச் சட்டத்தின் படியை எனக்கு அனுப்பிவைத்த அண்ணனுக்கு நன்றி. அந்த 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தை நான் முழுவதும் வாசித்திருக்கிறேன். அனுப்புவதற்கு முன்பு அவரும் வாசித்திருப்பார் என்று நம்புகிறேன். 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10-ஆம் பிரிவு சொல்வது உண்மைதான். கட்டாயம் என்பதை 8-ஆம் பிரிவு அரசாங்கத்தின் மேல் வைக்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அந்தச் சட்டம் சொல்லவில்லை. கடுமையான மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகள் வீட்டிலேயே கல்வி பெறலாம் என்று 2012-இல் திருத்தம் வந்தது. எங்களைப் போன்றவர்களைப் பற்றிச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. வரி இல்லாத இடத்தில் நிற்பது எனக்கும் நிம்மதியாக இல்லை. ஆனால் பள்ளிக்குப் போகாமலே படித்துத் தேர்வெழுத வழிசெய்யும், 1989-இல் தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளியை நடத்துவதும் இதே மத்திய அரசுதான். மூன்றாம், ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்குச் சமமான நிலைகள் அதில் இருக்கின்றன. 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புத் தேர்வையும் அதில் எழுதலாம். என் பிள்ளைகள் தேர்வே எழுதாமல் வளரப்போகிறார்கள் என்று யார் சொன்னார்கள்? பதினேழாம் வாய்ப்பாட்டையும் அங்கே கேட்பார்கள். கேட்க வேண்டியவர்கள் கேட்கட்டும்.

படிப்பிக்கிறோம் என்ற பெயரில் பிள்ளைகளை வேலை வாங்கும் வீடுகளை யார் கண்காணிப்பது என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி, அதை வேலை வாங்குபவர்களிடம் கேட்கலாம்.

என்னைக் குத்திய கேள்வி வேறு. "ரிங்கல்தௌபே மிஷனரி எதற்காக மயிலாடிக்கு வந்தார், நம் பாட்டன் பாட்டிமார் பள்ளிக்கூடத்துக்காக என்ன பாடுபட்டார்கள், நீ பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து பிடித்து வைத்திருக்கிறாயே" என்று என் சொந்தச் சித்தி, அதுவும் விழா முடிந்து எல்லாரும் சாப்பாட்டுக்கு நிற்கும்போது, நாலு பேர் கேட்கச் சொன்னார்கள். சித்தி, எனக்கு அந்த வரலாறு தெரியாதா? அவர் 1806-இல் வந்ததும், 1809-இல் மயிலாடியில் தொடங்கிய செமினரி நாகர்கோவிலுக்குப் போய்ப் பின்னாளில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்ததும், நம் பெண்கள் தோள்சீலை போடும் உரிமைக்காக 1859 வரை அடிபட்டதும் எனக்கு நீங்கள் சொல்லித்தந்ததுதான். எழுத்து வாசனையே இல்லாத வீடுகளுக்கு நடுவில் அந்தப் பள்ளிக்கூடங்கள் வந்தன. மிஷன் விடுதியில் லேஸ் பின்னியபடியே எழுத்துப் படித்த பாட்டியம்மா, தன் பேத்தியின் மகள் பி.எட். முடிப்பாள் என்று நினைத்திருப்பாரா? அந்தப் பள்ளிக்கூடம் எங்கள் குடும்பத்துக்குத் தந்த படிப்பைத்தான் நான் முன்வாசலில் பாய் விரித்துச் செலவழிக்கிறேன். அதே படிப்பை ஒரு பள்ளி நிர்வாகத்துக்குச் சொற்பச் சம்பளத்துக்குக் கொடுத்திருந்தபோது, மிஷனரிமாரை யாரும் எனக்கு நினைவூட்டவில்லை. சொந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் மட்டும் அது துரோகமாகிவிடுகிறது.

சார்லஸ் வெஸ்லியின் பாட்டுகளை நம் சபையில் உருகி உருகிப் பாடுகிறோம். அவருக்கும் அவருடைய அண்ணன் ஜான் வெஸ்லிக்கும் முதல் எழுத்தைச் சொல்லிக்கொடுத்தவர் தாயார் சூசன்னா. 19 பிள்ளைகளைப் பெற்று, பிழைத்த பிள்ளைகளை ஐந்து வயதிலிருந்து வீட்டிலேயே உட்கார வைத்துப் படிப்பித்தவர். ஜானைப் பத்து வயதில் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்களே என்று கீழே யாராவது எழுதுவீர்கள். எழுதுங்கள். என் மகனுக்கு ஒன்பதுதான் ஆகிறது.

"வீட்டில் சும்மா இருப்பவர்களுக்கு இதெல்லாம் முடியும்" என்று ஒரு அக்கா எழுதியிருந்தார்கள். வேலையை விட்டபோது என் சம்பளம் போனது; ரப்பர் விலை விழுந்த காலத்தில் நாங்கள் எதையெல்லாம் வேண்டாம் என்று வைத்தோம் என்பதை இங்கே எழுதி யாருடைய இரக்கத்தையும் வாங்க விரும்பவில்லை. ஆனால் அந்தச் "சும்மா" என்னை விடவில்லை. அந்த அக்காவின் இரண்டு பிள்ளைகளும் பரீட்சைக்கு முந்தைய வாரங்களில் மாலையில் எங்கள் முன்வாசலில்தான் உட்கார்ந்திருப்பார்கள். பின்னம் புரியவில்லை என்று அந்த அக்காதான் அனுப்பி வைப்பார்கள், நானும் ஒரு ரூபாய் வாங்காமல் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அன்றைய காணொளியில் சிரிப்புச் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து முதலில் கேட்கிறது என்று எனக்குத் தெரியும். சேர்ந்து சிரித்த வரிசையில் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் பொறுப்பாளர்களும் இருந்தார்கள். போன வருடமும் அதற்கு முந்தைய வருடமும், "நீங்கதான் வீட்டுல இருக்கீங்களே, டீச்சராவும் இருந்திருக்கீங்க" என்று சொல்லி விடுமுறை வேதாகமப் பள்ளியை என் கையில் கொடுத்தவர்கள் அவர்கள்தான். பத்து நாட்கள் சபைப் பிள்ளைகள் அத்தனை பேரையும் என்னிடம் விட்டுவிட்டுப் போக அவர்களுக்குக் கொஞ்சமும் யோசனை இல்லை. அப்போது அம்மா என்ன சொல்லித் தருகிறாள் என்று மைக்கில் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. சபையின் பிள்ளைகளுக்கு நான் டீச்சர். என் பிள்ளைகள் நாலு பேருக்கு மட்டும் நான் படிப்பைக் கெடுப்பவள்.

போதகர் ஐயா மறுநாள் வீட்டுக்கு வந்து ஜெபித்துவிட்டுப் போனார். அவரைப் பற்றி எனக்கு எந்த வருத்தமும் இல்லை. காணொளியைப் பகிர்ந்தவர்கள் அதை நீக்கிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். எங்கள் முறையைப் பற்றிச் சந்தேகம் இருப்பவர்கள் பிற்பகலில் வீட்டுக்கு வரலாம்; பாடநூல்களும் நோட்டுகளும் வெளியில்தான் இருக்கும், புரட்டிப் பார்க்கலாம், என்னிடம் எது வேண்டுமானாலும் கேட்கலாம். பிள்ளைகளிடம் கேட்க வேண்டாம்.

மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு இந்த வருடம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள். போன வருடத்துச் சார்ட்டுகளும் ஃபிளாஷ் அட்டைகளும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. யாரையாவது அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.