நேரம் முடிந்துவிட்டதாலேயே ஒரு கருவி அறிக்கையிலிருந்து மறைந்துவிடக் கூடாது

கடலூரிலும் புதுச்சேரியிலும் கிளைகள் உள்ள ஒரு நிறுவனத்தின் நெட்வொர்க்கை நான் பராமரிக்கிறேன். வில்லியனூர்க் கிளையை உரிய அனுமதியோடு, நெட்வொர்க்கில் உள்ள கருவிகளைச் சோதிக்கும் என்மேப் என்ற மென்பொருள் கொண்டு ஸ்கேன் செய்தபோது, வேலை சீக்கிரம் முடியட்டும் என்று டி5 என்ற மிக வேகமான அமைப்பைத் தேர்ந்தெடுத்தேன். அந்த அமைப்பு ஒவ்வொரு ஹோஸ்டுக்கும் (சோதிக்கப்படும் கருவிக்கும்) 15 நிமிடமும், ஒவ்வொரு ஸ்கிரிப்டுக்கும் (கருவியில் குறிப்பிட்ட ஒன்றைச் சோதிக்கும் சிறு நிரலுக்கும்) 10 நிமிடமும் என வரம்பு வைக்கிறது. மிக மெதுவாகப் பதில் சொல்லும் வருகைப்பதிவுக் கருவி ஒன்று அந்த 15 நிமிடத்தைத் தாண்டியது. அதுவரை அதில் கண்டறியப்பட்டிருந்த போர்ட்டுகளும் (நெட்வொர்க் இணைப்பு வாயில்களும்) எனக்கு வந்த அறிக்கையில் இல்லை; தவிர்க்கப்பட்டது என்ற ஒற்றை வரி மட்டுமே இருந்தது. அதைக் கவனிக்காமல், கிளை முழுவதும் சோதிக்கப்பட்டுவிட்டது என்று மேலிடத்துக்கு எழுதிவிட்டேன்.

இந்த ஸ்கிரிப்டுகளை இயக்கும், என்மேப்பின் ஸ்கிரிப்டிங் என்ஜினின் வடிவமைப்பில் எனக்குக் குறையில்லை. லுவா என்ற நிரல்மொழியில் எழுதப்பட்ட ஸ்கிரிப்டுகள் பல ஹோஸ்டுகள்மீது ஒரே சமயத்தில் ஓடுகின்றன. ஒன்று பதிலுக்காகக் காத்திருக்கும்போது மற்றொன்று வேலை செய்கிறது. ஆனாலும் ஹோஸ்டுகள் குழுகுழுவாகவே சோதிக்கப்படுவதால், ஒரேயொரு மந்தமான கருவி அந்தக் குழுவின் முடிவு மொத்தத்தையும் தாமதப்படுத்திவிடும். ஆகவே எங்கோ ஓரிடத்தில் காத்திருப்பதை நிறுத்தத்தான் வேண்டும். எதை நிறுத்துவது என்பதில்தான் பலரும், நான் உட்பட, அவசரப்படுகிறோம்.

ஹோஸ்ட் வரம்பு அந்தக் கருவியின் சோதனை முழுவதையும் கைவிடுகிறது. ஸ்கிரிப்ட் வரம்போ சிக்கிக்கொண்ட ஒரு ஸ்கிரிப்டை மட்டும் வெட்டிவிட்டு, மற்றவற்றின் முடிவுகளைக் காப்பாற்றுகிறது. அதனால் முதலில் இறுக்க வேண்டியது ஸ்கிரிப்ட் வரம்பையே என்பது என் உறுதியான கருத்து. அதிலும் ஓர் ஆபத்து உண்டு: வெட்டப்பட்ட ஸ்கிரிப்ட் எதையும் அச்சிடாது, உள்ளே நடப்பதை விரிவாகக் காட்டும் டீபக் நிலையை இயக்கினால்தான் அது நேரம் தாண்டியது தெரியும். பலவீனம் எதுவும் இல்லாததால் வந்த மௌனமும், பாதியில் வெட்டப்பட்டதால் வந்த மௌனமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஸ்கிரிப்ட் எழுதுபவர்களும் சாக்கெட்டுக்கான (கருவியோடு பேசும் இணைப்புக்கான) காத்திருப்பு நேரத்தைத் தாங்களே அளவாக அமைத்தால், என்ஜின் கத்தி எடுக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது.

இப்போதெல்லாம் என்மேப் தரும் எக்ஸ்எம்எல் வடிவக் கோப்பில் நேரம் தாண்டியதாகக் குறிக்கப்பட்ட ஹோஸ்டுகளைத் தனிப் பட்டியலாக்கி, அறிக்கையின் முதல் பக்கத்திலேயே "சோதனை முடியாதவை" என்று எழுதுகிறேன். பிறகு அலுவலகம் மூடிய பின், ஹோஸ்ட் வரம்பைச் சுழியமாக்கி, அதாவது வரம்பே இல்லாமல், அவற்றை மட்டும் மறுபடி ஸ்கேன் செய்கிறேன். வில்லியனூர்க் கருவியில் 23ஆம் போர்ட்டில், தகவலை மறைக்காமல் அனுப்பும் பழைய தொலை நுழைவு முறையான டெல்நெட் திறந்து கிடந்தது அப்படி ஓர் இரவில்தான் தெரியவந்தது.